மடங்கும் சக்கரம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, காபியும் பேப்பருமாக உட்கார்ந்திருந்தபோது இங்கிலாந்திலிருந்து போன். அக்கா மகன். கவன்ட்ரி நகரத்தில் கம்ப்யூட்டர் வேலை. கல்யாணமாகி ஒன்றரை வருஷம்தான் ஆகிறது.

"மாமா, ஒரு கார் பாத்துட்டேன். ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர்! செவப்பு கலர், ரெண்டே சீட்டு, மேல கூரை கிடையாது. பழசுதான். வாங்கிட்டு எஞ்சினைக் கொஞ்சம் ஏத்திடலாம்னு இருக்கேன். பெரிய கார்புரேட்டர், புது சைலன்ஸர்... என்ன சொல்றீங்க?"

"என்னை ஏண்டா கேக்கறே? நான் என்ன மெக்கானிக்கா?"

"நீங்கதானே எப்பப் பாத்தாலும் பழசைத் தோண்டிக்கிட்டே இருப்பீங்க!"

நியாயம்தான். "எந்த வருஷத்து வண்டி?" என்றேன். "1967, மார்க் த்ரீ" என்றான் உற்சாகமாக. எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. ஏன் என்பதைக் கடைசியில் சொல்லாமல் நடுவிலேயே சொல்லிவிடுகிறேன். அதற்கு முன்னால் நீங்கள் என்னோடு ஒரு நடை 1947-ம் ஆண்டு லண்டனுக்கு வரவேண்டும்.

நமக்குச் சுதந்திரம் கிடைத்த அதே ஆண்டு. நம்மை ஆண்டுவிட்டுப் போனவர்களின் நிலைமை அப்போது பரிதாபம்! உலகப்போரை ஜெயித்தாகிவிட்டது, கஜானா காலி. ரொட்டிக்கு ரேஷன், துணிக்கு ரேஷன், பெட்ரோலுக்கும் ரேஷன். சொந்த கார் வைத்திருப்பவர்களுக்கு மாதாமாதம் கொஞ்சூண்டு 'அடிப்படை' பெட்ரோல் கொடுத்து வந்தார்கள். அந்த வருஷம் அக்டோபரிலிருந்து அதுவும் கிடையாது என்று அறிவித்துவிட்டது அரசாங்கம். டாக்டர் மாதிரி அவசியமானவர்களுக்கு மட்டும்தான் பெட்ரோல். மற்றவர்கள் காருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து ஷெட்டில் பூட்டிவைக்க வேண்டியதுதான்.

லண்டனில் வாரன் தெரு என்று ஒரு தெரு. பழைய கார் வாங்கி விற்பவர்கள் நடைபாதை ஓரமாகவே வண்டிகளை வரிசையாக நிறுத்தி வியாபாரம் செய்வார்கள். நம்ம ஊர் புதுப்பேட்டையில் உதிரியாகக் கிடைப்பது அங்கே முழு வண்டியாகக் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்களேன். அந்தக் கும்பலில் 19 வயதுப் பையன் ஒருவன். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் எஞ்சினீயரிங் மாணவன். அப்பா ஓட்டல் நடத்துபவர். ஒரு நண்பனோடு கூட்டு சேர்ந்து பழைய கார் வாங்கி, தட்டிக்கொட்டி, லாபத்துக்கு விற்றுக்கொண்டிருந்தான். பெட்ரோல் கிடையாது என்று அறிவிப்பு வந்ததும் விலை மடமடவென்று விழுந்தது. வந்த விலைக்குத் தள்ளிவிட்டான். எல்லாம் போய், ஒன்றே ஒன்று மட்டும் விற்காமல் தங்கிவிட்டது. 1920-களின் கடைசியில் செய்யப்பட்ட ஓர் ஓட்டை ஆஸ்டின் செவன்.

பையன் பெயர் காலின் சாப்மன். விற்காத அந்தக் காரைத்தான் பிரித்துப்போட்டு வேறு ஒன்றாகக் கட்டினான். எங்கே? காதலி ஹேஸல் வீட்டின் பின்பக்கத்து ஷெட்டில். (வருங்கால மாமனார் எவ்வளவு பொறுமைசாலி பாருங்கள்!) 1948-ல் அது ரோட்டுக்கு வந்தது. 'லோட்டஸ்' என்ற உலகப்புகழ் பெற்ற கம்பெனியின் முதல் கார் அதுதான்.

ஆஸ்டின் செவன் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாகவேண்டும். டாடா நானோவின் கொள்ளுத்தாத்தா! 1922-ல் வந்தது. ஹெர்பர்ட் ஆஸ்டின் இந்தச் சின்னக் காரைச் செய்யலாம் என்றபோது கம்பெனி டைரக்டர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். மனிதர் மசியவில்லை. ஸ்டான்லி எட்ஜ் என்ற 18 வயதுப் படவரைவாளனைத் தன் வீட்டுக்கே கூட்டிப்போய், பில்லியர்ட்ஸ் அறையில் உட்காரவைத்துப் படம் போட்டார். சொந்தக் காசைப் போட்டார். கம்பெனியிடம் காருக்கு 2 கினி ராயல்டியும் பேசிக்கொண்டார்! எஞ்சின் 747 சி.சி. சுமார் 10 குதிரை சக்தி. இன்றைக்கு நீங்கள் ஆபீஸ் போகிற ஸ்கூட்டரைவிட ஒன்றிரண்டு குதிரைகள்தான் அதிகம். 1939 வரை சுமார் 2,90,000 வண்டிகள் விற்றன. ஜெர்மனியில் பி.எம்.டபிள்யூ. கம்பெனி செய்த முதல் காரே, லைசென்ஸ் வாங்கிச் செய்த ஆஸ்டின் செவன்தான் என்றால் நம்புவீர்களா?

குறையும் உண்டு. பிரேக்! 1930 வரை பின் சக்கரத்துக்குக் காலில் ஒரு பிரேக், முன் சக்கரத்துக்குக் கையில் ஒரு பிரேக். மாடு குறுக்கே வந்தால் இரண்டையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். இரண்டையும் பிடித்தாலும் நிற்கும் என்று உத்தரவாதம் கிடையாது.

சரி, சாப்மன் அந்த ஓட்டைக் காரை என்ன செய்தான்? நீங்களோ நானோ என்றால் முதலில் எஞ்சினைக் கழற்றியிருப்போம். அவன் படித்தது கட்டுமான எஞ்சினீயரிங். அவன் கண்ணுக்கு முதலில் பட்டது காரின் எலும்புக்கூடு. வளைகிற, நெளிகிற ஒரு சட்டத்தின் மேல் எவ்வளவு சக்தியைக் கொட்டினாலும் வீண் என்பது அவன் கணக்கு. சட்டத்தை இறுக்கினான். அலுமினியத் தகடு ஒட்டிய பிளைவுட்டால், விமானம் கட்டுகிற மாதிரி, லேசான, விறைப்பான உடம்பு ஒன்றைச் செய்தான். சேற்றிலும் மேட்டிலும் ஏறுகிற போட்டிகளுக்கு ஹேஸலையும் கூட்டிக்கொண்டு அதில்தான் போனான்.

எஞ்சினில் கை வைத்தது பிறகு. அதுவும் எப்படி? ஆஸ்டின் செவனுக்கு நாலு சிலிண்டர். ஆனால் காற்றும் பெட்ரோலும் உள்ளே போக இரண்டே வாசல். இரண்டு சிலிண்டருக்கு ஒரு வாசல் என்று பங்கு. ஒன்று இழுக்கும்போது பக்கத்தது பட்டினி! 1951-ல் கட்டிய இன்னொரு காரில் சாப்மன் அந்த வாசலுக்கு நடுவே ஒரு தடுப்பு வைத்தான். நாலு பேருக்கும் தனித்தனி சாப்பாடு. கிட்டத்தட்ட செலவே இல்லாத வேலை. போட்டிகளில் மற்ற கார்கள் எல்லாம் அவன் கிளப்பிய தூசியைத்தான் பார்த்தன. போட்டி நடத்திய கிளப் பேசாமல் விதியைத் திருத்தி, 'இப்படித் தடுப்பு வைக்கக்கூடாது' என்று சொல்லிவிட்டது!

இதே ஆஸ்டின் செவன் பூமிப்பந்தின் அந்தக் கோடியில் இன்னொரு பையனுக்கும் கிடைத்தது. நியூசிலாந்து, ஆக்லாந்து. லெஸ் மெக்லாரன் என்ற பெட்ரோல் பங்க்-கம்-ஒர்க்‌ஷாப் முதலாளி, துண்டு துண்டாகக் கிடந்த ஒரு 1929 மாடல் ஆஸ்டின் செவனை வாங்கிவந்தார். மகன் புரூஸுக்குச் சின்ன வயதில் இடுப்பு எலும்பு வியாதி. மாதக்கணக்கில் படுத்த படுக்கை, ஒரு கால் குட்டை. அப்பாவும் பிள்ளையுமாக உட்கார்ந்து கோத்த அந்தக் காரில்தான் புரூஸ் மெக்லாரன் 1952-ல் முதல் போட்டிக்குப் போனான். இன்றைக்கு ஃபார்முலா ஒன் பந்தயத்தில் பறக்கிறதே மெக்லாரன், அந்தப் பெயர் அங்கிருந்து புறப்பட்டதுதான். அவரே 1970-ல் இங்கிலாந்தில் குட்வுட் மைதானத்தில் தன் காரைச் சோதனை ஓட்டம் பார்க்கும்போது இறந்துபோனார். வயது 32.

"மாமா, நான் ஸ்பிட்ஃபயரைப் பத்திக் கேட்டேன்..." என்று போனில் அவன் முனகினான். வர்றேன்டா.

1959-ல் ட்ரையம்ஃப் கம்பெனி ஹெரால்ட் என்று ஒரு குடும்ப காரைக் கொண்டுவந்தது. இத்தாலியில் டூரின் நகரத்து மிக்கலோட்டி வரைந்த அழகான உடம்பு. அட, ஹெரால்ட் என்றதும் உங்களில் சிலருக்காவது கண் மின்னியிருக்குமே! அதேதான். 1961-லிருந்து நம்ம சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி தயாரித்த ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். அம்பாசடரும் ஃபியட்டும் ஆண்ட ரோட்டில் மூன்றாவதாக ஒரு குட்டி ராஜா. பானெட்டைத் திறந்தால் மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து மொத்த மூஞ்சியும் முன்பக்கமாகக் கவிழும். குறுகலான சந்தில் ஆட்டோ மாதிரி திரும்பும். எங்கள் தெரு டாக்டர் ஒருவர் வைத்திருந்தார். அவர் பானெட்டைத் திறந்தாலே நாங்கள் பத்துப் பையன்கள் கூடிவிடுவோம். உலகத்திலேயே நாலு கதவு வைத்த ஹெரால்ட் நம் நாட்டில் மட்டும்தான் தயாரானது என்பது கூடுதல் பெருமை.

இந்த ஹெரால்டின் அடிச்சட்டத்தை வெட்டிக் குட்டையாக்கி, மேலே ரெண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் உடம்பு ஒன்றை வரைந்து கொடுத்தார் மிக்கலோட்டி. ஆனால் ட்ரையம்ஃபிடம் அப்போது பணம் இல்லை. மாதிரிக் காரை ஃபாக்டரியின் ஒரு மூலையில் துணி போட்டு மூடிவைத்துவிட்டார்கள். 1961-ல் லேலண்ட் கம்பெனி ட்ரையம்ஃபை விலைக்கு வாங்கியது. (எண்ணூரில் 'அசோக்' என்ற பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறதே, அதே லேலண்ட்தான்.) சொத்துபத்தைப் பார்வையிட வந்த லேலண்ட் ஆட்கள் துணியை விலக்கினார்கள்... அவ்வளவுதான், விழுந்துவிட்டார்கள்! 1962 அக்டோபர், லண்டன் மோட்டார் கண்காட்சியில் ஸ்பிட்ஃபயர் அறிமுகம். ஹிட்லரின் விமானங்களை விரட்டிய போர் விமானத்தின் பெயர். 1980 வரை தயாரானது. மூன்று லட்சத்துக்கும் மேல் விற்றது. மாதச் சம்பளக்காரர்களும் வாங்க முடிந்த ஸ்போர்ட்ஸ் கார். அதனால்தான் இன்றைக்கும் பழைய கார் பிரியர்களுக்குக் கட்டுப்படியாகிற விலையில் கிடைக்கிறது.

இப்போது என் வயிற்றில் கரைந்த புளிக்கு வருகிறேன்.

இரண்டு கைகளையும் பறவை இறக்கை மாதிரி பக்கவாட்டில் நீட்டுங்கள். உள்ளங்கை இரண்டும் வெளிப்புறம் பார்க்கட்டும். அவைதான் பின்சக்கரங்கள். உங்கள் தோள்தான் காரின் நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியல். கை மடங்குவது தோளில் மட்டும்தான். மணிக்கட்டில் மடங்கக்கூடாது. இப்போது உள்ளங்கைகள் இருக்கும் உயரத்திலேயே இருக்க, நீங்கள் மட்டும் மெல்ல எழுந்திருங்கள். என்ன ஆகிறது? கைகள் கூரை மாதிரி சரிகின்றன. உள்ளங்கையின் அடிப்பாகம் உள்பக்கமாக மடங்குகிறது. ஹெரால்டின் பின்சக்கர அமைப்பு இதுதான். 'ஸ்விங் ஆக்ஸில்' என்பார்கள். செலவு குறைவு, மேடு பள்ளத்தில் சொகுசு. நேர் ரோட்டில் ஒரு பிரச்னையும் இல்லை.

ஆனால் வளைவில்?

வேகமாக ஒரு வளைவில் நுழைகிறீர்கள். 'ஐயோ, ஜாஸ்தியாகிவிட்டதே' என்று பயந்து சட்டென்று ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கிறீர்கள், அல்லது பிரேக்கை அழுத்துகிறீர்கள். காரின் பாரம் முன்னால் போகிறது, பின்பக்கம் எழும்புகிறது. பின்பக்கம் எழும்பினால்? இப்போது நீங்கள் எழுந்து நின்றீர்களே, அதேதான். வெளிப்பக்கச் சக்கரம் மடங்குகிறது. டயர் ரோட்டில் நிற்பது ஓர் ஓரத்தில் மட்டும். பிடி விட்டுப்போகிறது. பின்பக்கம் முன்னால் வரப் பார்க்கிறது. அதாவது, தப்பிப்பதற்காக எந்த மனிதனும் இயல்பாகச் செய்கிற காரியம்தான் அவனைக் கவிழ்க்கிறது!

ஹெரால்ட் என்ற குடும்ப காரில் இந்த வேகத்துக்கு யாரும் போகமாட்டார்கள் என்று ஒரு சமாதானமாவது சொல்லலாம். ஸ்போர்ட்ஸ் கார் என்று பெயர் வைத்து, இருபத்தைந்து வயசுப் பையன் கையில் கொடுத்தால்?

இங்கிலாந்துக்காரர்கள் மட்டும் செய்த காரியம் இல்லை இது. அமெரிக்காவில் ஷெவர்லே கார்வேர் 1960-லிருந்து 1963 வரை இதே அமைப்போடுதான் வந்தது. ரால்ஃப் நேடர் என்ற இளம் வக்கீல் 1965-ல் 'எந்த வேகத்திலும் ஆபத்து' என்கிற பொருளில் ஒரு புத்தகம் எழுதி, முதல் அத்தியாயத்திலேயே கார்வேரைக் கிழித்துத் தொங்கவிட்டார். ஜெனரல் மோட்டார்ஸ் என்ன செய்தது? காரை ஏற்கெனவே சரி செய்திருந்தது. 1965 மாடலிலேயே புது அமைப்பு வந்துவிட்டது. ஆனால் கூடவே நேடர் பின்னால் துப்பறியும் ஆட்களையும் ஏவியது! விஷயம் வெளியே வந்து, 1966-ல் கம்பெனியின் தலைவரே செனட் குழு முன்னால் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. அதே வருஷம் அமெரிக்காவில் வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நியாயமாக இன்னொன்றும் சொல்லவேண்டும். 1972-ல் அமெரிக்க அரசு நிறுவனமே ஆராய்ந்து, அந்தக் கார்வேர் அதன் காலத்து மற்ற கார்களைவிட மோசமில்லை என்று அறிக்கை கொடுத்தது.

கார்வேரில் எனக்குப் பிடித்த ஒரு சின்ன விஷயம், டயர் காற்று. முன் சக்கரத்துக்கு 15 பவுண்டு, பின் சக்கரத்துக்கு 26 பவுண்டு என்று கம்பெனி சொல்லியிருந்தது. அந்த வித்தியாசத்தில்தான் காரின் சமநிலையே நின்றது. பங்க் பையனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? நாலிலும் ஒரே அளவு அடித்து அனுப்பிவிடுவான். ஓட்டுபவரும் 'நிறைய அடிப்பா' என்றிருப்பார்.

ட்ரையம்ஃபுக்கு இந்த வியாதி தெரியாமல் இல்லை. பத்திரிகைகள் திட்டின. ஸ்பிட்ஃபயரின் அண்ணனான ஆறு சிலிண்டர் ஜி.டி.6-க்கு 1968-ல் பின்பக்க அமைப்பையே மாற்றினார்கள். ஸ்பிட்ஃபயருக்கு விடிவு 1970-ல், மார்க் ஃபோர் மாடலில்தான் வந்தது. லாரிக்கு அடியில் வில் மாதிரி, பட்டை பட்டையாக ஸ்பிரிங் பார்த்திருப்பீர்கள். ஸ்பிட்ஃபயரின் பின்னாலும் அதே மாதிரி ஒன்று குறுக்காக இருக்கும். அதன் எல்லாப் பட்டைகளையும் நடுவில் இறுக்கிக் கட்டாமல், பெரும்பாலானவற்றை ஊஞ்சல் பலகை மாதிரி ஆடவிட்டார்கள். சக்கரம் மடங்குவது பெருமளவு அடங்கிவிட்டது. இவ்வளவு எளிய வைத்தியத்துக்கு எட்டு வருஷம்! அதற்குள் லட்சக்கணக்கில் விற்றாகிவிட்டது. எனக்கு இதை மன்னிக்க மனசு வரவில்லை.

சென்னைக்காரர்கள் வேறு வழியில் போனார்கள். 1972-ல் ஹெரால்டுக்குப் பதிலாக வந்த ஸ்டாண்டர்ட் கெஸலில், அந்த ஸ்விங் ஆக்ஸிலையே தூக்கிப்போட்டுவிட்டு, அம்பாசடரில் இருப்பது மாதிரி ஒரே தண்டாகச் சாதா ஆக்ஸில் வைத்துவிட்டார்கள். சொகுசு கொஞ்சம் போயிற்று. சக்கரம் மடங்கவில்லை.

இதையெல்லாம் அவனிடம் சொன்னேன். சத்தமே காணோம். பிறகு, "அப்போ 67 வேண்டாங்கறீங்களா?" என்றான் சுரத்தில்லாமல்.

வேண்டாம் என்றில்லை. வாங்கலாம். ஆனால் முதல் செலவு கார்புரேட்டருக்கு இல்லை. மார்க் ஃபோரின் அந்த ஊஞ்சல் ஸ்பிரிங்கைப் பழைய வண்டிக்கும் மாட்டலாம். பலர் மாட்டியிருக்கிறார்கள். ஒரு எச்சரிக்கை: கம்பெனி அந்த ஸ்பிரிங்கோடு சேர்த்து, முன்பக்கத்தில் கார் சாயாமல் பிடிக்கிற குறுக்குக் கம்பியையும் தடிமனாக்கியது. இரண்டும் ஜோடி. ஸ்பிரிங்கை மட்டும் மாற்றினால் வளைவில் கார் படகு மாதிரி சாயும்.

அதற்கும் முன்னால், வண்டியைப் பார்த்து வாங்கத் தெரிய வேண்டும். என் நண்பர் ஒருவர் பல வருஷத்துக்கு முன் பழைய கார் வாங்கினார். விற்றவர் பெயர் வேண்டாம். பெயிண்ட் கண்ணாடி மாதிரி பளபளத்தது. முதல் மழைக்காலம் முடிந்ததும் கதவுக்குக் கீழே கையை வைத்தார், விரல் உள்ளே போய்விட்டது. தகடே இல்லை, எல்லாம் பட்டி! அன்றிலிருந்து பழைய கார் பார்க்கப் போகிற யாருக்கும் நான் சொல்வது, பாக்கெட்டில் ஒரு காந்தம் கொண்டுபோங்கள். ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்குமே, அது போதும். ஒரு கர்ச்சீப்பைச் சுற்றி, தகடு இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் வைத்துப் பாருங்கள். ஒட்டவில்லையென்றால் அங்கே இரும்பு இல்லை. (ஃபைபர், அலுமினியம் உடம்புக்கு இந்த வைத்தியம் பலிக்காது.)

ஸ்பிட்ஃபயரில் இது உயிர் விஷயம். கூரை இல்லாத கார். கதவுக்குக் கீழே ஓடுகிற பெட்டி போன்ற பகுதிதான் உடம்பு நடுவில் தொய்ந்துபோகாமல் தாங்குகிறது. அது துரு ஏறியிருந்தால் மேலே எத்தனை பெயிண்ட் அடித்தும் பிரயோஜனமில்லை. கதவுக்கும் உடம்புக்கும் நடுவே உள்ள இடைவெளி மேலேயும் கீழேயும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். மேலே நெருக்கமாகவும் கீழே அகலமாகவும் இருந்தால், கார் முதுகு வளைந்துவிட்டது என்று அர்த்தம். எஞ்சின் போனால் வேறு எஞ்சின் கிடைக்கும். துரு தின்ற உடம்பைத் தேற்றுவதற்குள் காரின் விலை மாதிரி ரெண்டு மடங்கு போய்விடும். சாப்மன் எலும்புக்கூட்டை முதலில் பார்த்ததன் காரணம் இதுதான்.

எஞ்சினுக்கு ஒரே ஒரு சோதனை சொன்னேன். மனைவியைக் காரில் உட்காரவைத்து கிளட்சை அழுத்தச் சொல்லு. நீ பானெட்டைத் திறந்து, எஞ்சினின் முன்னால் பெல்ட் ஓடுகிற புல்லியைப் பாரு. அழுத்தும்போதெல்லாம் அது கண்ணுக்குத் தெரிகிற மாதிரி முன்னால் வந்து போகிறதா? அப்படியென்றால் உள்ளே கிராங்க் தண்டை இடம் நகராமல் பிடிக்கிற பிறைச்சந்திர வடிவ வாஷர்கள் தேய்ந்துவிட்டன. இந்த எஞ்சின்களுக்கு இது பரம்பரை வியாதி. வாஷர் விலை அற்பம். கவனிக்காமல் ஓட்டினால் வாஷர் கழன்று ஆயில் தொட்டிக்குள் விழும். பிறகு தண்டு எஞ்சின் பிளாக்கையே தேய்க்கும். அப்புறம் எடைக்குத்தான் போடவேண்டும்.

வாங்கிய பிறகு என்ன மாற்றுவது? இதில் எனக்குப் பிடிவாதமான கருத்து உண்டு. ஓடுவதற்கு முன்னால் நிற்கக் கற்றுக்கொடுங்கள். டயர் பார்வைக்குப் புதுசாக இருந்தாலும் பக்கவாட்டில் வருஷம் போட்டிருக்கும், படியுங்கள். பத்து வயசு டயர் கல்லு. அகலமான டயர் மாட்டினால் கெத்தாக இருக்கும்தான், ஆனால் அந்தக் காலத்து பேரிங்குக்கும் ஸ்டீயரிங்குக்கும் அது தண்டனை. கம்பெனி சொன்ன அளவில் நல்ல ரேடியல் போதும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேர்ந்தால் மலை இறக்கத்தில் சூடேறிக் குமிழி கட்டும், பெடல் தரை தட்டும். ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுவது எந்தச் சைலன்ஸரையும்விட நல்ல முதலீடு. ரப்பர் ஹோஸ்கள் எல்லாம் புதுசு. 2021 செப்டம்பரிலிருந்து பிரிட்டனில் சாதாரண பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். பழைய ரப்பரை அது தின்றுவிடும். (நம்ம ஊரில் 20 சதவீதம் வரை வந்துவிட்டது. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் உஷார்!) பாயின்ட்டுக்குப் பதில் எலெக்ட்ரானிக் இக்னிஷன், காலையில் ஒரே கிக்கில் கிளம்பும். முறையான சீட் பெல்ட். ஹெட்லைட்டுக்கு ரிலே. இத்தனையும் செய்தபிறகு கையில் காசு மிச்சமிருந்தால் கார்புரேட்டரைப் பற்றிப் பேசலாம். அதுவும் என்ன? 75 குதிரையை 85 ஆக்கலாம். 700 கிலோ சொச்சம் எடையுள்ள, தரையைத் தடவிக்கொண்டு போகிற திறந்த காரில் 80 கிலோமீட்டரே 120 மாதிரி இருக்கும். எதற்கு?

எதை மாற்றினாலும் இன்ஷூரன்ஸ்காரனிடம் சொல்லிவிடு என்றேன். சொல்லாமல் விட்டால், ஆக்ஸிடென்ட் ஆன அன்றைக்கு அவன் சொல்வான்! நம் நாட்டில் இன்னும் கறார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு இருக்கிறது. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. 50 வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிகளைத் தனி நம்பரில் பதிவு செய்ய 2021-ல் விதி வந்தது. அதற்கும் வண்டி பெரிய மாற்றமில்லாமல் அசலாக இருக்கவேண்டும், தினசரி ஓட்டவும் கூடாது. ஷெட்டில் ஹெரால்ட் வைத்திருப்பவர்கள் கவனிக்க.

அடுத்த சனிக்கிழமை அவனும் மனைவியும் அந்தச் சிவப்புக் காரைப் பார்க்கப் போனார்கள். அவள் கிளட்சை அழுத்தியிருக்கிறாள். "மாமா, புல்லி நல்லா முன்னாடி வந்து வணக்கம் சொல்லுச்சு" என்றான். விற்பவர் 'அதெல்லாம் அப்படித்தான் இருக்கும்' என்றாராம். நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டார்கள். மூன்று வாரம் அலைந்து, கடுகு நிறத்தில் 1972 மார்க் ஃபோர் ஒன்றை வாங்கினான். பெயிண்ட் சுமார். உடம்பு இரும்பு. காந்தம் எல்லா இடத்திலும் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றதாம்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே என்று மறுபடி போன் செய்து சொன்னேன். முன்சக்கரத்தின் அடியில் 'ட்ரனியன்' என்று ஒரு பித்தளைத் துண்டு இருக்கும். மரை போட்ட இரும்புத் தண்டு அதற்குள் திருகி நிற்கும். நீ ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அது திருகித் திருகி ஆடும். அதற்குத் தேவை கியர் ஆயில். ஐம்பது வருஷமாக உலகம் பூரா மெக்கானிக்குகள் அதில் கிரீஸை அடைத்துக்கொண்டிருக்கிறார்கள். கிரீஸ் மரைக்குள் இறங்காது, தண்ணீர் இறங்கிவிடும். உள்ளே துருப்பிடித்து ஒருநாள் தண்டு முறியும். முன்சக்கரம் அப்படியே மடங்கி உட்காரும். பார்க்கிங்கில் முழுசாக ஒடிக்கும்போது முறிந்தால் அதிர்ஷ்டம்.

ஹெரால்டின் அந்த முன்சக்கரப் பாகத்தைச் சாமான்யமாக நினைக்காதீர்கள். 1962-ல் காலின் சாப்மன் 'லோட்டஸ் எலான்' என்று ஒரு ஸ்போர்ட்ஸ் கார் செய்தார். வளைவில் அதை மிஞ்ச ஆளில்லை என்று பெயர் வாங்கிய கார். அதன் முன்சக்கரத்துக்குச் சொந்தமாக ஒன்றைச் செய்து காசை வீணாக்குவானேன் என்று, ட்ரையம்ஃபிடமிருந்து இதே பாகத்தைத்தான் வாங்கிப் போட்டுக்கொண்டார். ட்ரனியன் சகிதம்! எங்கள் தெரு டாக்டரின் ஹெரால்டுக்கும் எலானுக்கும் ஒரே முழங்கால்.

நேற்று அவன் ஒரு போட்டோ அனுப்பியிருந்தான். கார் இல்லை அதில். சட்டையெல்லாம் கறுப்பாக அவன் மனைவி தரையில் உட்கார்ந்திருக்கிறாள், கையில் ஆயில் கன். பக்கத்தில் ஒரு பழைய செய்தித்தாளின் மேல், ட்ரனியனிலிருந்து சுரண்டியெடுத்த காய்ந்த கிரீஸ், மஞ்சள் மெழுகு மாதிரி ஒரு குவியல்.